பனிச்சரிவில் தப்பிய நெய்யூர் டாக்டர்

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியைத் தெரியாமல் இருக்காது. நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரயில் பாதையில் இரணியல் ஸ்டேஷனில் இறங்கினால் நெய்யூர் பக்கம்தான். 1838-ம் ஆண்டில் லண்டன் மிஷன் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கியது.

அந்த ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் ஆபரேஷன் செய்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் இருந்தார். அங்கே வருவதற்கு முன்பே அவர் எவரெஸ்ட் மலையில் 26,985 அடி உயரம் வரை ஏறியவர். அதற்கு முன் மனிதன் யாரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை.

அவர் பெயர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல்.

அவர் ஏறிய உயரத்தை மலையேறுவோர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது அந்த உயரம் அல்ல. அதே பயணத்தில் பனிச்சரிவில் மாண்டுபோன ஏழு கூலியாட்களின் சாவு.

செருப்புத் தொழில் குடும்பம்

சோமர்வெல் 1890-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி இங்கிலாந்தின் வட பகுதியில் உள்ள கெண்டல் என்ற ஊரில் பிறந்தார். அவர் குடும்பம் அங்கே பெரிய செருப்புத் தொழிற்சாலை நடத்தி வந்தது. குடும்பத் தொழிலைப் பார்த்துக்கொண்டு வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவருக்கு நாட்டம் வேறு பக்கம் போயிற்று.

கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்து முதல் வகுப்பில் தேறினார். பிறகு லண்டனில் மருத்துவம் படித்தார். ஊரைச் சுற்றியிருந்த மலைகளில் சிறு வயதிலேயே ஏறிப் பழகியவர். படம் வரைவார். சங்கீதத்தில் மிகுந்த ஈடுபாடு.

முதல் உலகப் போர் வந்தது. ராணுவ டாக்டராகப் பிரான்சுக்குப் போனார். 1916-ம் ஆண்டு ஜூலையில் சோம் நதிப் போர் தொடங்கிய நாளில், ஒரு கூடாரத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டிருந்த நான்கு டாக்டர்களில் அவரும் ஒருவர். வெளியே நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் ஸ்டிரெச்சரில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். யாரை முதலில் உள்ளே எடுப்பது? இடைவேளையில் அவர்களிடையே நடந்து பேச்சுக் கொடுத்தபோது, தன்னை முதலில் கவனிக்கும்படி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த நாள் அவரைப் போரை வெறுப்பவராக ஆக்கிவிட்டது.

பிழைப்புக்கு வந்த மலைவாசிகள்

1922-ம் ஆண்டு எவரெஸ்ட் உச்சியைப் பிடிக்க ஒரு பிரிட்டிஷ் குழு புறப்பட்டது. ஜெனரல் புரூஸ் அதற்குத் தலைவர். ஜார்ஜ் மல்லோரி என்ற பள்ளி ஆசிரியர் குழுவில் முக்கியமானவர். சோமர்வெல்லும் சேர்ந்துகொண்டார்.

மார்ச் மாதக் கடைசியில் டார்ஜிலிங்கிலிருந்து பயணம் தொடங்கியது. அப்போது நேபாளத்துக்குள் வெளிநாட்டாருக்கு அனுமதி கிடையாது. ஆகவே திபெத்தைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கமாக மலையை அடைய வேண்டும்.

கூடாரம், உணவு, அடுப்பு எண்ணெய், பிராண வாயு சிலிண்டர் எல்லாவற்றையும் சுமக்க ஆள் வேண்டும். அதற்கு டார்ஜிலிங்கில் கூலியாட்களை அமர்த்தினார்கள். அவர்களில் பலர் ஷெர்பாக்கள். நேபாள மலைப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி டார்ஜிலிங் வந்தவர்கள். தோட்ட வேலை, ரோடு வேலை, சுமை வேலை, எது கிடைத்தாலும் செய்தவர்கள். எவரெஸ்ட் உச்சியில் அவர்களுக்கு ஆசை ஒன்றும் இல்லை. கூலி கிடைத்தது, வந்தார்கள்.

மே 21-ந் தேதி மல்லோரி, நார்ட்டன், சோமர்வெல் மூவரும் பிராண வாயு இல்லாமலே 26,985 அடி ஏறினார்கள். ஆறு நாள் கழித்து ஃபிஞ்ச், ஜெஃப்ரி புரூஸ் இருவரும் பிராண வாயுவின் உதவியால் அதையும் தாண்டி 27,300 அடியைத் தொட்டார்கள். உச்சி யாருக்கும் எட்டவில்லை.

அதற்குள் ஜூன் பிறந்துவிட்டது. பருவ மழை வங்கக் கடலிலிருந்து இமயத்தை எட்டும் காலம். கீழே மழையாகப் பெய்வது அந்த உயரத்தில் பனியாகக் கொட்டும். குழுவில் பலர் நோயாலும் பனிக்கடியாலும் படுத்துவிட்டார்கள். ஆனாலும் மூன்றாவது முறை முயற்சி செய்து பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

ஜூன் 7, பகல் ஒன்றரை மணி

எவரெஸ்ட்டுக்கும் அதை அடுத்த மலைக்கும் நடுவே குதிரைச் சேணம் போலத் தாழ்ந்த இடம் ஒன்று உண்டு. அதை வடக்குக் கணவாய் என்பார்கள். உயரம் சுமார் 23,000 அடி. அதற்கு ஏறும் வழி முழுவதும் பனி மூடிய செங்குத்தான சரிவு.

ஜூன் மாதத் தொடக்கத்தில் பெரும் பனி பொழிந்து ஓய்ந்தது. பிறகு வானம் தெளிந்து வெயில் அடித்தது. 7-ந் தேதி காலை மல்லோரி, சோமர்வெல், கிராஃபோர்டு மூவரும் 14 கூலியாட்களுடன் சரிவில் ஏறத் தொடங்கினார்கள். மொத்தம் 17 பேர். நான்கு கயிறுகளில் கோத்துக்கொண்டு, ஒரு கயிற்றின் பின் ஒரு கயிறாகப் போனார்கள்.

புதுப்பனி ஆபத்தானது என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தொடக்கத்தில் செங்குத்தாக இருந்த ஓர் இடத்தில் பனி சரிகிறதா என்று சோதித்துப் பார்த்தார்கள். சரியவில்லை. அடியில் இருந்த ஐஸில் அது நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே உள்ள சரிவு அதைவிடச் சாய்வு குறைந்தது. இங்கேயே தாங்கும்போது அங்கே தாங்காதா என்று நினைத்தார்கள். ஏறினார்கள்.

பகல் சுமார் ஒன்றரை மணி. கணவாய்க்கு இன்னும் சில நூறு அடிகளே இருந்தன. திடீரென்று வெடி வெடித்தது போல ஒரு சத்தம். காலுக்குக் கீழே பனி நகர்ந்தது.

முதல் கயிற்றில் இருந்த மூன்று வெள்ளைக்காரர்களும் ஒரு கூலியாளும் சற்றுத் தூரம் இழுத்துச் செல்லப்பட்டு, பனி நின்றதும் உதறிக்கொண்டு எழுந்தார்கள். அடுத்த கயிற்றில் இருந்த நான்கு பேரும் கொஞ்சம் கீழே போய்த் தப்பினார்கள். கடைசி இரண்டு கயிறுகளில் இருந்த ஒன்பது பேரை மட்டும் காணோம்.

அவர்களுக்குக் கீழே பனிக்கட்டிச் சுவர் ஒன்று செங்குத்தாக இறங்கியது. அதன் அடியில் ஆழமான பிளவு. ஒன்பது பேரும் அதற்குள் விழுந்து, மேலே பனி மூடிவிட்டது. தப்பியவர்கள் ஓடிப்போய்க் கையாலும் கோடரியாலும் தோண்டினார்கள். இரண்டு பேரை உயிரோடு எடுத்தார்கள். ஏழு பேர் போய்விட்டார்கள். எவரெஸ்ட்டில் பனிச்சரிவுக்கு முதன்முதலாகப் பலியானவர்கள் அந்த ஏழு பேர்தான்.

இறந்தவர்களை அந்தப் பனியிலேயே விட்டுவிடுவதுதான் சரி என்று அவர்களுடைய தோழர்கள் விரும்பினார்கள். கீழே முகாமில் அவர்கள் நினைவாகக் கற்களை அடுக்கிக் குவியல் ஒன்று எழுப்பினார்கள்.

பனி ஏன் சரிகிறது?

மலையில் கிடக்கும் பனி பார்வைக்கு ஒரே வெள்ளைப் படுக்கை. வெட்டிப் பார்த்தால் அடுக்கு அடுக்காக இருக்கும். ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. காற்று சிலவற்றை அமுக்கிப் பலகை போல இறுக்கும். வெயிலில் லேசாக உருகி இரவில் உறைந்தால் மேலே கண்ணாடிப் பொருக்கு ஒன்று உண்டாகும். சில அடுக்குகள் கடுங்குளிரில் மெள்ள மெள்ள உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டாத சீனி மணி போல ஆகிவிடும்.

இந்தச் சீனிப் படுகையின் மேலோ, வழுக்கும் பொருக்கின் மேலோ புதுப்பனி விழுந்தால் பிடிப்புக் கிடையாது. சரிந்த பலகையில் மணலைத் தூவி அதன் மேல் மூட்டை அடுக்கின கதைதான். மூட்டைகள் சும்மா நிற்கும். இன்னும் ஒரு மூட்டை வைத்தால் மொத்தமும் போகும். பனிச்சரிவில் அந்தக் கடைசி மூட்டை பெரும்பாலும் அதன் மேல் நடந்த மனிதனே. சரிவில் சிக்கியவர்களில் மிகப் பலர், தாங்களோ தங்கள் கூட்டத்தாரோ வைத்த காலடியால் சிக்கியவர்கள் என்று இன்றைய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

சாய்வு 30 டிகிரிக்குக் குறைந்தால் இத்தகைய பனிப்பலகைகள் நகர்வது அபூர்வம். மிகவும் செங்குத்தான இடத்தில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். 30 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் இடைப்பட்ட சரிவுகள்தான் எமன். ஏறுகிறவனுக்கு வசதியாகத் தெரியும் சாய்வும் அதுதான்.

1922-ல் சோதனை செய்தும் ஏமாந்தது இதனால்தான். ஓர் இடத்தில் பனி ஒட்டியிருப்பது அந்த இடத்துக்கு மட்டுமே சாட்சி. நூறு அடி தள்ளிக் காற்று வேறு விதமாகப் பனியைக் கொண்டுவந்து சேர்த்திருக்கும். அடியில் வேறு படுகை இருக்கும். இப்போது மலையேறுகிறவர்கள் பனியில் குழி தோண்டி அடுக்குகளைப் பார்க்கிறார்கள். ஒரு தூண் போல வெட்டி மேலே தட்டி, எந்த அடுக்கில் நழுவுகிறது என்று கவனிக்கிறார்கள். அதையும் ஒரு குழியோடு முடித்துவிடுவதில்லை. பெரும் பொழிவுக்குப் பின் பனி படிந்து இறுகக் காத்திருக்கிறார்கள். காலடியில் அமுங்கும் சத்தம் கேட்டாலும் விரிசல் ஓடினாலும் உடனே திரும்பிவிடுகிறார்கள்.

புதைந்தவனுக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. ஓடும்போது மாவு போல இருந்த பனி, நின்ற மறு வினாடி சிமெண்டு போல இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. பத்து, பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு நிமிஷமும் நம்பிக்கை வேகமாகக் குறையும்.

இந்த அறிவெல்லாம் பிறகு வந்தது. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் நகரத்துக்கு மேலே பனியை ஆராயும் விஞ்ஞானிகள் 1930-களில்தான் முறையாக வேலை தொடங்கினார்கள். நம் நாட்டில் 1969-ல் மணாலியில் பாதுகாப்புத் துறையின் பனிச்சரிவு ஆய்வு நிலையம் ஏற்பட்டது. இவ்வளவு தெரிந்த பிறகும் பனி பலி கேட்காமல் விடவில்லை. 2016-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி சியாச்சினில் பனி சரிந்து மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் சிக்கினார்கள். ஒருவரை மட்டும் ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள். சில நாளில் அவரும் இறந்தார். அந்தப் பத்துப் பேரில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு.

உறுத்திய கணக்கு

ஏழு பேர் சாவு சோமர்வெல்லைக் குடைந்தது. மேலே போவது என்று முடிவு செய்தவர்கள் மூன்று வெள்ளைக்காரர்கள். மூவரும் கீறல் இல்லாமல் பிழைத்தார்கள். முடிவில் எந்தப் பங்கும் இல்லாமல் பின்னால் சுமை தூக்கி வந்தவர்கள் செத்தார்கள். தங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா, அப்போதாவது ஆபத்தில் சமபங்கு எடுத்துக்கொண்டோம் என்று அந்தக் கூலியாட்களுக்குத் தெரிந்திருக்குமே என்று அவர் நினைத்தார். பல வருஷம் கழித்துத் தம் புத்தகத்திலும் அதை மறைக்காமல் எழுதினார்.

1924-ல் பிரான்சில் ஷாமனி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் விழாவில் 1922-ம் வருஷத்து எவரெஸ்ட் குழுவுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. பதக்கம் பெற்றோர் பட்டியலில் இறந்த ஏழு பேரும் சேர்க்கப்பட்டார்கள்.

நெய்யூரில் கண்ட காட்சி

பயணம் முடிந்ததும் சோமர்வெல் உடனே ஊர் திரும்பவில்லை. இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். கையில் லண்டன் ஆஸ்பத்திரி உத்தியோகம் காத்திருந்தது. சுற்றிக்கொண்டே தெற்குக் கோடிக்கு வந்தார். அப்போது நாகர்கோவில் பக்கம் ரயில் கிடையாது. நெய்யூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது.

அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் பியூ என்பவர் சர்ஜரி வேலையைத் தனியாளாகச் சுமந்துகொண்டிருந்தார். நோயாளிகள் கூட்டம் கூட்டமாகக் காத்துக் கிடந்தார்கள். சோம் போர்க்களத்தில் கூடாரத்துக்கு வெளியே கிடந்த வரிசையை ஒருமுறை பார்த்தவருக்கு இதைப் பார்த்துவிட்டுப் போக மனம் வரவில்லை. சில நாள் தங்கி ஆபரேஷன்களுக்குக் கை கொடுத்தார். அந்த நாட்களிலேயே முடிவு செய்துவிட்டார். லண்டன் உத்தியோகத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டு, 1923-ல் நெய்யூருக்கு வேலைக்கு வந்து சேர்ந்தார்.

மறுபடியும் அதே சரிவு

1924-ல் மூன்றாவது எவரெஸ்ட் குழு புறப்பட்டபோது நெய்யூரிலிருந்தே போய்ச் சேர்ந்துகொண்டார். தலைவர் புரூஸ் மலேரியாவில் படுத்ததால் நார்ட்டன் பொறுப்பேற்றார்.

மே 23-ந் தேதி வடக்குக் கணவாய் முகாமிலிருந்து ஒரு கூட்டம் இறங்கி வந்தது. நான்கு கூலியாட்கள் மட்டும் வரவில்லை. இறங்கும் வழியில் புதுப்பனி படிந்திருந்தது. அதைக் கண்டு அஞ்சி முகாமுக்கே திரும்பிவிட்டார்கள். பாதை சற்று மாறியிருந்ததே தவிர, இரண்டு வருஷத்துக்கு முன் ஏழு பேரை விழுங்கிய அதே மலைச்சரிவு. அவர்கள் பயந்ததில் தப்பே இல்லை.

உச்சி ஏறும் திட்டத்தை நார்ட்டன் ஒத்தி வைத்தார். மறுநாள் நார்ட்டன், மல்லோரி, சோமர்வெல் மூவரும் மேலே போனார்கள். சோமர்வெல்லுக்குத் தொண்டை புண்ணாகி இருமல் விடவில்லை. கடைசியில் குறுக்கே கடக்க வேண்டிய பனிச்சரிவு வந்தது. எந்த நிமிஷமும் நழுவக்கூடியது. முன்னால் போகிறேன் என்று சோமர்வெல் ஏற்றுக்கொண்டார்.

இடுப்பில் 200 அடிக் கயிறு. மறுமுனையை மற்ற இருவரும் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வோர் அடியாகப் படி வெட்டி நகர்ந்தார். கூலியாட்கள் நின்ற இடத்துக்கு இன்னும் சுமார் 30 அடி இருக்கும்போது கயிறு தீர்ந்துவிட்டது. ஒருவர் ஒருவராக வரச் சொன்னார். முதல் இருவரும் பத்திரமாக வந்து கயிற்றைப் பிடித்தபடி கடந்து போனார்கள். மற்ற இருவரும் பயத்தில் சேர்ந்தாற்போல் கிளம்பினார்கள். பனி நழுவியது. இருவரும் சறுக்கிக்கொண்டே போய்ப் பள்ளத்தின் விளிம்புக்குச் சற்று மேலே நின்றார்கள்.

சோமர்வெல் பனிக்கோடரியைப் பனியில் ஊன்றினார். இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்தார். அதைக் கோடரியில் சுற்றி, நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி இறங்கினார். சட்டைக் கழுத்தைப் பற்றி இருவரையும் மேலே இழுத்தார். நால்வரும் உயிரோடு கீழே வந்தார்கள்.

அந்த மீட்பில் மூவருடைய பலமும் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஜூன் 4-ந் தேதி நார்ட்டனும் சோமர்வெல்லும் உச்சிக்குக் கிளம்பினார்கள். சுமார் 28,000 அடியில் சோமர்வெல்லால் மூச்சுவிட முடியவில்லை, உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் மட்டும் 28,126 அடி வரை போனார். பிராண வாயு இல்லாமல் அதைவிட உயரம் ஏறியவர் 1978 வரை யாருமில்லை.

இறங்கும்போது சோமர்வெல்லின் தொண்டையில் பனிக்கடியால் அழுகிய சதை பெயர்ந்து மூச்சை அடைத்தது. முன்னால் போன நார்ட்டன், அவர் படம் வரையத்தான் பின்தங்கினார் என்று நினைத்துக்கொண்டார். சோமர்வெல் சாகப் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தார். இரு கைகளாலும் மார்பை ஓங்கி அழுத்தினார். அடைப்பு இரத்தத்தோடு வெளியே வந்தது. பிழைத்தார்.

நான்கு நாள் கழித்து மல்லோரியும் இர்வின் என்ற இளைஞரும் மேலே போனார்கள். திரும்பவில்லை. மல்லோரி கொண்டுபோன கேமரா சோமர்வெல் கொடுத்தது. 1999-ல் மல்லோரியின் உடல் கிடைத்தது; கேமரா அதில் இல்லை.

கத்தியும் தூரிகையும்

சோமர்வெல் நெய்யூர் திரும்பினார். 1925-ல் திருமணம் செய்துகொண்டார். தென் திருவிதாங்கூரில் அப்போது வயிற்றுப் புண் மிக அதிகம். அதற்கான ஆபரேஷனில் அவர் கைதேர்ந்தவரானார். அந்த அனுபவத்தை வைத்து மருத்துவர்களுக்கான புத்தகமும் எழுதினார். வெற்றிலை புகையிலைப் பழக்கத்தால் வாயில் வரும் புற்றுநோய்க்கு நெய்யூரில் ரேடியம் சிகிச்சை நடந்தது. கிளை ஆஸ்பத்திரிகளுக்கும் போய் வந்தார். ஓய்வு கிடைத்தால் தூரிகையை எடுப்பார். எவரெஸ்ட்டையும் திபெத்தையும் வரைந்த படங்கள் இன்றும் மதிக்கப்படுகின்றன.

1949 முதல் 1961 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சர்ஜரி கற்பித்தார். பிறகு தாய்நாடு திரும்பி, பிரிட்டனின் ஆல்பைன் மலையேற்றச் சங்கத்துக்குத் தலைவரானார். 1975-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி தமது 84-வது வயதில் காலமானார். குமரி மாவட்ட எல்லைக்கு அப்பால் காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உயரத்துக்காக அவரைப் புகழ்ந்தவர்கள் பலர். ஆனால் அந்த உயரத்தையெல்லாம் வேறு மனிதர்கள் மிஞ்சிவிட்டார்கள். 1922-ல் கூலியாட்களைப் பின்னால் நடக்கவிட்டு ஏறிய அதே மலையில், 1924-ல் நான்கு கூலியாட்களுக்காகத் தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். அந்த ஏழு பேரை அது திருப்பித் தரவில்லை. ஆனால் இந்த நால்வர் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.